பிழைக்கும் ஜாடை உண்டு

பழுதான கருவி மௌனமாகிவிடும் என்பது நம் பொதுவான எதிர்பார்ப்பு. கடிகாரம் நிற்கும். பல்பு அணையும். ரேடியோ கரகரத்து ஓயும். மேல்கையில் ஒட்டிக்கொண்டு இடைவிடாமல் சர்க்கரையை அளக்கிற சென்சார் அப்படியில்லை. பழுதான பிறகும் அது பேசிக்கொண்டிருக்கும். அதே எழுத்தில், அதே தன்னம்பிக்கையோடு, எண்களைத் தந்துகொண்டிருக்கும். சரியான 110-க்கும் தப்பான 110-க்கும் திரையில் எந்த வேற்றுமையும் கிடையாது. இதை மருத்துவப் பிரச்னையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்கு டைப் 1 சர்க்கரை வந்து பதினாறு வருஷம் ஆகிறது. இன்சுலினை வெளியிலிருந்து போட்டுக்கொள்கிறவனுக்கு எண் வெறும் தகவலாக இருப்பதில்லை, உத்தரவாகிவிடுகிறது. 260 என்றால் ஊசி, 60 என்றால் சர்க்கரைத் தண்ணீர். எண் தப்பானால் செய்கையும் தப்பு. அந்தத் தப்பை உடம்புதான் தாங்கவேண்டும்.

இது எதை அளக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். ரத்தத்தை இது தொடுவதில்லை. தோலுக்கடியில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும் ஓர் இழை, செல்களுக்கு இடையில் ஊறிநிற்கும் திரவத்தில் நனைந்திருக்கிறது. இழையில் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி பூசப்பட்டிருக்கிறது. பூஞ்சணத்திலிருந்து எடுக்கிற நொதி. குளுக்கோஸோடு அது வினைபுரியும்போது நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. மின்னோட்டத்தை ஒரு கணக்கு எண்ணாக மாற்றித் தருகிறது. 1962-இல் லீலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் எழுதிவைத்த நொதி மின்முனை என்ற யோசனைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஆக, திரையில் நான் பார்ப்பது நாலு கை மாறி வந்த செய்தி: ரத்தத்துக்குச் சில நிமிஷங்கள் பின்தங்கிய திரவம், நொதி, மின்சாரம், கணக்கு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பிழை நுழைய வழியுண்டு. எங்கே நுழைந்தது என்பதைப் பெரும்பாலும் பிழையின் ஜாடையே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

வங்கியில் மாலை கேஷ் டாலி ஆகாவிட்டால் பழைய கேஷியர்கள் பதறமாட்டார்கள். "எவ்வளவு வித்தியாசம்?" என்பார்கள். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கும் என்று முதல் சந்தேகம். 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. தொகை இரண்டால் வகுபட்டால், அதன் பாதி பற்றுக்குப் பதில் வரவில் விழுந்திருக்கிறதா என்று தேடுவார்கள். யார் மேலும் சந்தேகப்படுமுன் பிழையின் உருவத்தைப் பார்க்கிற பழக்கம் இது. சென்சாரைப் படிக்க எனக்கு உதவியது இந்தப் பழக்கம்தான்.

ஒரு ராத்திரி, மணி இரண்டே முக்கால் இருக்கும். அலாரம் கேட்டு மனைவி எழுப்பினாள். "என்னங்க, எழுந்திருங்க. 54 காட்டுது. சர்க்கரை கரைக்கட்டுமா?" திரையில் இரண்டு மணி நேரமாக 118-ஐ ஒட்டி நேராக வந்த கோடு, திடீரென்று சுவர்போல் இறங்கியிருந்தது. இன்சுலினால் இறங்கும் சர்க்கரை பெரும்பாலும் படிக்கட்டில் இறங்கும். இது கிணற்றில் விழுந்திருந்தது. நான் இடது பக்கமாக, சென்சார் இருக்கிற கையின்மேல் படுத்திருந்தேன். விரலில் குத்திப் பார்த்தால் 112. கையை அழுத்திப் படுக்கும்போது அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது, இழையைச் சுற்றிய திரவத்துக்குச் சர்க்கரை வந்துசேர்வதில்லை. புரண்டு படுத்த கொஞ்ச நேரத்தில், ஒன்றும் சாப்பிடாமலே கோடு பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. கருவி பொய் சொல்லவில்லை. நசுங்கிக்கிடந்த அரை அங்குல இடத்தின் உண்மையை முழு மனுஷனின் உண்மையாகச் சொன்னது. எனக்குத் தெரிந்த பல விமர்சனக் கட்டுரைகளும் இந்த வகைதான்.

மற்ற ஜாடைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒட்டிய முதல் நாள் எண்கள் தள்ளாடும், பலருக்குக் குறைத்தே காட்டும். இழை இறங்கிய இடம் இன்னும் காயம்தான். முதல் 24 மணி நேரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. சாப்பிட்ட பிறகு விரல் 190, சென்சார் 150, அம்பு மேல்நோக்கி நிற்கிறது என்றால் அதில் பிழையே இல்லை. இரண்டு வேறு நேரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம், அவ்வளவுதான். அம்பு படுத்திருக்கும்போது ஒப்பிடவேண்டும். சிலவகை சென்சார்களில் வைட்டமின் சி அதிகம் போனாலும், வேறு சிலவற்றில் பாரஸிட்டமால் போட்டாலும், எண் உயர்ந்து காட்டும். கடைசி நாட்களில் கோடு ரம்பப்பல்லாகி இடையிடையே அறுந்தால், உடம்பு அந்த அந்நிய இழையைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டது என்று ஊகிக்கலாம். கழற்றிப் பார்த்தால் இழை கொக்கிபோல் மடங்கியிருப்பதும் உண்டு. அதைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. மாற்று கேட்கும்போது கம்பெனிக்காரர்கள் முதலில் கேட்பது அதன்மேல் இருக்கிற எண்ணைத்தான்.

தீர்ப்புச் சொல்வது விரல்குத்து என்றேன். நீதிபதிக்கும் வரம்பு உண்டு. 2013-இன் சர்வதேசத் தரம் கேட்பதெல்லாம், நூற்றுக்கு 95 தடவை மீட்டர் 15 சதவீதத்துக்குள் (100-க்குக் கீழே என்றால் 15 எண்ணுக்குள்) இருக்கவேண்டும் என்பதுதான். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் மீட்டர் மாம்பழத்தை அளக்கும்.

இங்கே இரண்டு கட்சிகள் உண்டு. எண் சொல்லிவிட்டது, அதற்குமேல் பேச்சில்லை என்பவர்கள் ஒன்று. கருவி கிடக்கட்டும், உன் உடம்பைக் கேள் என்பவர்கள் மற்றொன்று. இரண்டாவது கட்சிக்கு நம் வட்டாரத்தில் மவுசு ஜாஸ்தி. 1959-இல் தொடங்கிய 'எழுத்து' காலத்திலிருந்தே க.நா.சு.வின் ரசனையும் செல்லப்பாவின் அலசலும் எதிரெதிரே நின்றதை நாம் அறிவோம். ஆனால் உடம்பும் ஒரு கருவிதான். சர்க்கரை அடிக்கடி தாழ்ந்து பழகிய உடம்பில் நடுக்கமும் வியர்வையும் மெல்ல மங்கிப்போகின்றன. 50-இலும் ஒன்றும் தெரியாது. அப்போதும் உடம்பு, "நன்றாக இருக்கிறேன்" என்றே சொல்லும். பழுதான சென்சாரின் அதே தன்னம்பிக்கை. சொந்த அனுபவமே கடைசிச் சாட்சி என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

இலக்கியத்தில் எல்லாப் பிழைக்கும் ஒரே விலை என்று விட்டுவிடலாம். இங்கே முடியாது. தப்பான 54-ஐ நம்பினால் நஷ்டம் ஒரு கரண்டி சர்க்கரை, கொஞ்சம் தூக்கம். தப்பான 280-ஐ நம்பி ஊசி போட்டுக்கொண்டு படுத்தால், காலையில் எழாமலே போகலாம். ஆகவே தாழ்வு என்று காட்டி, குத்திப் பார்க்க வசதியில்லை என்றால், சாப்பிட்டுவிடுகிறேன். உயர்வு சந்தேகமாகத் தோன்றினால், குத்தாமல் இன்சுலினைத் தொடுவதில்லை. ஒரே கருவி, ஒரே அளவு சந்தேகம், இரண்டு வேறு நடத்தை. தர்க்கத்துக்கு இது ஒவ்வாததாகத் தோன்றலாம். என்ன பணயம் வைத்திருக்கிறோம் என்பதும் வாசிப்பில் ஒரு பகுதி.

இப்போது கையிலிருப்பதற்கு ஆயுள் 14 நாள். இன்று ஒன்பதாவது. மத்தியானத்திலிருந்து கோட்டில் இரண்டு இடத்தில் அறுந்திருக்கிறது. ஸ்டிரிப் டப்பாவை மேஜைமேல் எடுத்து வைத்திருக்கிறேன்.