மாபெரும் மினி மாரத்தான்!

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் கலக்கிறது. மொத்த நீளம் சுமார் 128 கிலோமீட்டர். ஒரு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். பி.காம். படித்த மூளை சும்மா இருக்குமா? வகுத்துப் பார்த்தேன். மூணு மாரத்தான் ஓடினால் ஆறு தீர்ந்து கடல் வந்துவிடும்!

இந்த ஆற்றங்கரை ஊர்களில் பொங்கல் என்றால் கரும்பு, மஞ்சள் குலை, கூடவே ஓட்டப்பந்தயம். கோலப்போட்டி, உறியடி, ஸ்லோ சைக்கிள் வரிசையில் 'மாபெரும் மினி மாரத்தான்' என்று போஸ்டரில் போடுவார்கள். மாபெரும் எப்படி மினி ஆகும் என்று கேட்கப்படாது. தூரம் பைக் மீட்டர் சொன்னதுதான். அளக்கப் போனவர் நடுவில் டீ குடிக்கத் திரும்பியிருந்தால் அதுவும் கணக்கில் சேர்த்தி.

எங்கள் கோஷ்டியில் நாலு பேர். பேங்க் கேஷியர், ஒரு பி.டி. வாத்தியார், அடியேன், அப்புறம் 'தம்பி'. முதல் மூவரும் முப்பதைத் தாண்டியவர்கள். தம்பிக்கு 24. வாழை மண்டியில் லோடு ஏற்றுகிறான். ஞாயிறு தோறும் பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்தில் கிளம்பி, 1843-ல் சுலோசன முதலியார் சொந்தக் காசில் கட்டிக் கொடுத்த பாலத்தைத் தாண்டி டவுன் வரை ஓடித் திரும்புவோம். தம்பி திரும்பி வந்து குளித்து இட்லி சாப்பிடும் நேரத்தில் நாங்கள் வந்து சேருவோம்.

பொங்கல் வியாழக்கிழமையில் வந்ததில் ஆபீஸ்காரனுக்கு நாலு நாள் லம்ப்பாக லீவு. மூணு ஊர், மூணு பந்தயம் என்று திட்டம் போட்டு ரெண்டு பைக்கில் கிளம்பினோம்.

முதல் பந்தயம், பாய்க்குப் பேர்போன பத்தமடைப் பக்கம். ஏழு கிலோமீட்டர். ஒரு பக்கம் வாழைத்தோட்டம், மறுபக்கம் கதிர் பிடித்த பிசான நெல், நடுவில் வாய்க்கால் கரை. விசில் அடித்ததும் வெறுங்கால் பொடியன்கள் அம்பு மாதிரிப் பறந்தார்கள். முதல் கிலோமீட்டரிலேயே பாதிப் பேர் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார்கள். திண்ணையில் இருந்த ஆச்சி ஒருத்தி என்னைப் பார்த்து, "ஒருத்தனும் தொரத்தலியே, பொறவு எதுக்குய்யா இப்பிடி ஓடுதிய?" என்றாள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல மூச்சு இல்லை.

தம்பி முதல். மூவாயிரம் ரூபாய், இடுப்பு உயரக் கோப்பை. எனக்குப் பதினோராவது இடம், ஒரு டம்ளர் மோர்.

ராத்திரிதான் சிக்கல். தம்பி கெண்டைக்காலைத் தடவிக்கொண்டிருந்தான். மூணு வாரத்தில் அவனுக்கு மாநில அளவிலான போட்டி. ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு வயது 18-லிருந்து 25. ஒரு நாள் கூடினாலும் சலுகை கிடையாது. அதில் அங்கீகரிக்கப்பட்ட போட்டிச் சான்றிதழ்தான் செல்லும். பொங்கல் கோப்பையை வைத்துப் பல்லாங்குழிகூட ஆட முடியாது.

"நாளைக்கு ஓடாதலே" என்றார் வாத்தியார்.

"மூவாயிரம் அண்ணாச்சி! லட்சுமணன் ஒரே மீட்ல ரெண்டு தங்கம் வாங்கலியா?"

புதுக்கோட்டைக்காரர் ஜி. லட்சுமணன். 2017-ல் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளத்தில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கியவர்.

"வாங்கினாரு. அஞ்சாயிரம் மொத நாளு, பத்தாயிரம் கடைசி நாளு. நடுவுல ரெண்டு நாள் இருந்துச்சுல்லா? அதே லட்சுமணன் 2018-ல ஜகார்த்தாவுல பத்தாயிரத்துல மூணாவதா வந்தாரு. கால் டிராக்கை விட்டு உள்ளே பட்டுச்சுன்னு வெண்கலம் போச்சு. ஒரு காலடிக்கு ஒரு மெடல்! நீ காலை வச்சுத்தாம்லே பொழைக்கணும்."

தம்பி பேசவில்லை. அவன் பக்கமும் நியாயம் இருந்தது. மண்டியில் லீவு போட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது.

பேங்க் கணக்குப் போட்டார். "நாளைக்கு நாங்க மூணு பேரும் ஓடுதோம். வர்ற பரிசெல்லாம் உனக்கு." தம்பி சிரித்தான் பாருங்கள் ஒரு சிரிப்பு... அந்தச் சிரிப்புக்காகவே ஓடினோம்.

மறுநாள் கல்லிடைக்குறிச்சிப் பக்கம். கிராஸ் கன்ட்ரி டீம் போட்டியில் ஆளாளுக்கு வந்த இடத்தைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்த டீமுக்கு வெற்றி. அதில் முதல் ஆளைவிடக் கடைசி ஆள்தான் மானத்தைக் காப்பாற்ற வேண்டியவன். அன்று அந்தக் கடைசி ஆள் நான். தம்பி பைக்கில் பின்னால் உட்கார்ந்து தண்ணீர் நீட்டியபடி, "வாங்க அண்ணாச்சி, முன்னால போறவன் செத்துட்டான்!" என்று கத்திக்கொண்டே வந்தான். செத்தது யார் என்று எனக்குத்தான் தெரியும். பேங்க் மூணாவது, ஆயிரம் ரூபாய். வாத்தியார் நாலாவது, ஒரு பிளாஸ்டிக் குடம். நான் எட்டாவது, கைதட்டல்.

மூணாவது பந்தயத்துக்குப் போகவேயில்லை. காணும் பொங்கலன்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பாபநாசம் போய்விட்டோம். தம்பி கெண்டைக்கால் முங்க ஆற்றில் உட்கார்ந்திருந்தான். ஆயிரத்தையும் குடத்தையும் நீட்டினோம். குடத்தை மட்டும் அம்மாவுக்கு என்று வாங்கிக்கொண்டான். பணத்தை வாத்தியார் மிரட்டித்தான் அவன் பையில் திணிக்க வேண்டியிருந்தது.

ரயில்வே வேலை கிடைத்தால் முதல் சம்பளத்தில் எங்கள் மூணு பேருக்கும் அல்வா தருவதாகச் சொல்லியிருக்கிறான். திருநெல்வேலிக்காரன் 'அல்வா தருகிறேன்' என்றால் நம்பலாமா என்றுதான் பேங்க்குக்குச் சந்தேகம்!