பிரித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை

திருச்சியிலிருந்து வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவரின் பெட்டியில் அவருடைய சாமான் பாதிதான் இருக்கும். மீதியைச் சொந்தபந்தங்கள் நிரப்பிவிடுவார்கள். நார்த்தங்காய் ஊறுகாய், பருப்புப் பொடி, பேத்திக்குக் கொலுசு, குலதெய்வக் கோயில் விபூதி என்று அது தனிக் கணக்கு. இப்போது அவற்றோடு மின்னணுச் சாமான்களும் சேர்ந்துவிட்டன. அங்கே செலவு அதிகம் என்று இங்கே பழுது பார்த்த லேப்டாப், கல்யாண வீடியோ ஏற்றிய ஹார்ட் டிஸ்க், யாரோ மறந்துவிட்டுப் போன போன், பவர் பேங்க். கிளம்பும் நாளுக்கு முதல் நாள் சாயந்திரம் துணிப்பையில் சுற்றி எடுத்து வருவார்கள். காப்பி குடித்துவிட்டு, போகும்போது மெதுவாக எடுத்து நீட்டுவார்கள். மாட்டேன் என்று சொல்ல நமக்கு வாய் வராது.

நானும் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். என் தங்கை சான் ஹோசேயில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் என் கைப்பையில் யாருடையதோ ஒரு கருவி இருக்கும். இப்போதும் வாங்கிக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. என் கண் முன்னே பிரிக்க வேண்டும், இயக்கிக் காட்ட வேண்டும், சார்ஜரையும் சேர்த்துத் தர வேண்டும். இதனால் சொந்தத்தில் சில வீடுகளில் எனக்கு முன்பிருந்த மரியாதை குறைந்துவிட்டது. இருந்தும் இந்த நிபந்தனையை நான் விடப்போவதில்லை.

இதற்குக் காரணம், ஒருமுறை தங்கையைப் பார்க்கப் போகும் வழியில் சிங்கப்பூரில் நடந்தது. அங்கே சாங்கி விமான நிலையத்தின் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை, விமானம் ஏறும் கேட்டிலேயே நடக்கும். விமானம் மாறும் பயணிகள் கடைகளையும் பூக்களையும் பார்த்துக்கொண்டு நிதானமாக நடந்து வந்து, கடைசி நேரத்தில்தான் டிரேயில் சாமான்களை எடுத்து வைப்பார்கள். அமெரிக்கா போகும் விமானம் என்றால் கேள்விகள் கூடுதலாக இருக்கும். பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா, யாராவது எதையாவது கொடுத்தனுப்பினார்களா என்று கேட்பார்கள். அன்று என்னிடமும் கேட்டார்கள். மாமா கொடுத்த டேப்லெட் இருப்பதைச் சொன்னேன். அந்த அதிகாரி அதை எடுத்து என்னிடமே கொடுத்து, இயக்கிக் காட்டுங்கள் என்றார்.

இயங்கவில்லை. பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தும் திரை கறுப்பாகவே இருந்தது. அதன் சார்ஜர் செக்-இன் பெட்டியில் போய்விட்டது. அவர் குரலை உயர்த்தவில்லை. இது யாருடையது, எங்கே வாங்கியது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஒரு சிறு துணியால் டேப்லெட்டின் மேலும் என் உள்ளங்கைகளிலும் துடைத்து ஒரு இயந்திரத்தில் வைத்தார்கள். வெடிமருந்துத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று அந்த இயந்திரம் பார்க்கும். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பையன் தன் கேபிளைக் கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் மின்கலப் படம் எழுந்தது. போகலாம் என்றார்கள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் என் மனத்தில் ஓடியதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் மாமாவைச் சந்தேகித்தேன். இதை எங்கே வாங்கியிருப்பார், யார் கையிலிருந்து வந்திருக்கும், யாராவது அவரை ஏமாற்றி எதையாவது உள்ளே வைத்திருப்பார்களோ என்று நினைத்தேன். அப்பா இறந்த பிறகு என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவர் அவர். அவர் பேத்திக்காக ஆசையாகக் கொடுத்தனுப்பிய சாமானைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி அப்படி நினைக்க நேர்ந்ததே என்ற வேதனை, சான் பிரான்சிஸ்கோ போய் இறங்கும்வரை ஆறவில்லை. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. எனக்கு அந்தக் கருவியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதுதான் விஷயம். தெரியாத இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும்.

அந்தக் கேள்விகள் ஏன் வந்தன என்று பிறகு தேடிப் படித்தேன். 1986 ஏப்ரல் 17 அன்று லண்டன் ஹீத்ரோவில், டெல் அவிவ் செல்லும் எல் அல் விமானத்தில் ஏற ஓர் ஐரிஷ் பெண் வந்தார். கர்ப்பிணி. அவரைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லியிருந்த நெஸார் ஹிந்தாவி என்பவன் பையைக் கொடுத்து, நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன் என்று அனுப்பியிருந்தான். விமான நிலையத்தின் எக்ஸ்-ரே சோதனையை அந்தப் பை தாண்டிவிட்டது. எல் அல் ஊழியர்கள்தான் கேள்வி கேட்டுச் சந்தேகப்பட்டுப் பையைப் பிரித்தார்கள். அடியில் மறைத்துத் தைத்த அறையில் செம்டெக்ஸ் வெடிமருந்து இருந்தது. அதை வெடிக்க வைக்கும் விசை ஒரு கால்குலேட்டருக்குள் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. தன்னோடும் வயிற்றுப் பிள்ளையோடும் 370-க்கும் மேற்பட்டவர்களைக் கொல்லக்கூடிய ஒன்றை, அன்போடு கொடுத்ததாக நம்பி அவர் சுமந்து வந்திருக்கிறார். ஹிந்தாவிக்கு 45 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள்.

இதைப் படித்த பிறகு, யார் கொடுத்தது என்ற கேள்வியை என்னால் வெறும் சடங்காக நினைக்க முடியவில்லை. அந்த ஹீத்ரோ சம்பவத்துக்கு முந்தைய ஆண்டு ஜூன் 23-ல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேல் வெடித்து 329 பேர் இறந்தார்கள். அதே நாளில் ஜப்பானின் நரிட்டாவில் ஒரு பெட்டி வெடித்து, சாமான் ஏற்றும் தொழிலாளர் இருவர் இறந்தார்கள். நரிட்டா குண்டு ஒரு வானொலி ட்யூனருக்குள் இருந்தது. 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி மேல் வெடித்த பான் ஆம் விமானத்தில் குண்டு ஒரு ரேடியோ கேசட் பிளேயருக்குள் இருந்தது. இறந்தவர்கள் 270 பேர். 2016 பிப்ரவரியில் மொகதிஷுவிலிருந்து கிளம்பிய விமானத்தில் வெடித்தது ஒரு லேப்டாப். சோதனையைத் தாண்டி உள்ளே வந்த பயணியிடம் விமான நிலைய ஊழியர்களே அதைக் கொடுத்தது கேமராவில் பதிவாகியிருந்தது. பேட்டரியும் கம்பியும் சர்க்யூட்டும் ஏற்கெனவே உள்ளே இருப்பதால், மின்னணுக் கருவிக்குள் இன்னொன்றை ஒளித்துவைப்பது சுலபம்.

லேப்டாப்பைத் தனி டிரேயில் வைக்கச் சொல்வதும் இதனால்தான். பழைய வகை எக்ஸ்-ரேயில் அதன் பேட்டரியும் உலோகத் தகடுகளும் அடர்ந்த நிழலாக விழும். பைக்குள்ளேயே இருந்தால் தன் அடியில் உள்ளதையும் மறைக்கும், மற்ற சாமான்கள் அதையும் மறைக்கும். மருத்துவமனைகளில் உள்ளதைப் போன்ற சி.டி. ஸ்கேனர் வைத்த விமான நிலையங்களில் பையின் படத்தைத் திரையில் சுற்றிச் சுற்றிப் பார்க்க முடியும். அங்கே லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டாம் என்பார்கள். போன தடவை இப்படிச் சொல்லவில்லையே என்று வாக்குவாதம் செய்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இயந்திரம் வேறு, அதனால் விதியும் வேறு. அந்த இடத்தில் அந்த அதிகாரி சொல்வதைக் கேட்பதே நல்லது.

இயக்கிக் காட்டச் சொல்வதற்கும் காரணம் உண்டு. உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு வேறொன்றை அடைத்திருந்தால் கருவி பெரும்பாலும் இயங்காது. 2014 ஜூலையில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிளம்பும் சில வெளிநாட்டு விமான நிலையங்களில் இயங்காத கருவியை ஏற்ற விடமாட்டோம் என்று அறிவித்தது. நல்ல கருவிதான், சார்ஜ் மட்டும் இல்லை என்றாலும் அதிகாரியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கிளம்பும் முன் முழுதாகச் சார்ஜ் ஏற்றுவதும், கேபிளைக் கைப்பையில் வைப்பதும் அதனால் எனக்குப் பாஸ்போர்ட் எடுத்துவைப்பது மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த முறை பெரியம்மா வந்தார். அவர் மகன் சன்னிவேலில் இருக்கிறான். அவன் கல்லூரிக் காலத்து லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு, டேப் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். அதில் பெரியப்பாவின் போட்டோக்கள் இருந்தன. பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வைப்பேன் என்றேன்.

"என்னடி புதுசா இருக்கு? என் புள்ள சாமான்ல என்ன இருக்கப் போவுது?"

"அவன் மேல ஒண்ணுமில்ல பெரியம்மா. கேட்டா எனக்குப் பதில் சொல்லத் தெரியணும்ல."

"உங்கம்மா இருந்தா இப்படிப் பேசுவாளா?"

அதற்குமேல் அவர் பேசவில்லை. நான் டேப்பைக் கிழித்தேன். லேப்டாப்பை மேசையில் வைத்ததும் ஆடியது. அடிப்பக்கம் தட்டையாக இல்லை. திறந்தால் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. பேட்டரி உப்பியிருந்தது.

அப்படி உப்பிய, அடிபட்ட லித்தியம் பேட்டரியைக் கைப்பையிலும் கொண்டுபோகக் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. லித்தியம் மின்கலத்தில் ஒரு செல் கட்டுக்கடங்காமல் சூடேறினால் அந்தச் சூட்டில் அடுத்த செல்லும் பற்றிக்கொள்ளும். சரக்கறையில் தீயை அணைக்க ஹாலோன் வாயு இருக்கிறது. அது சுவாலையை அடக்குமே தவிர, செல்களுக்குள் ஏறும் சூட்டை நிறுத்தாது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் லித்தியம் பேட்டரிகள் ஏற்றிய சரக்கு விமானம் ஒன்று தீப்பிடித்து விழுந்து, இரண்டு விமானிகளும் இறந்தார்கள். உதிரி பேட்டரியையும் பவர் பேங்கையும் கைப்பையில் மட்டும் வைக்கச் சொல்வது இந்தப் பயத்தால்தான். கண்ணெதிரே புகை வந்தால் யாராவது பார்ப்பார்கள், தண்ணீர் ஊற்றலாம். 2016 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த விமானத்தில் மேலறையில் இருந்த பை ஒன்றிலிருந்து புகை வந்தது. உள்ளே இருந்த போனை ஊழியர்கள் எடுத்துத் தண்ணீரில் போட்டார்கள். எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். அந்தப் போன் செக்-இன் பெட்டியில் இருந்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள்?

2017 மார்ச்சில் துபாய், அபுதாபி, தோஹா உள்ளிட்ட 10 விமான நிலையங்களிலிருந்து வரும் பயணிகள் போனைவிடப் பெரிய கருவி எதையும் கைப்பையில் வைக்கக் கூடாது என்று அமெரிக்கா உத்தரவிட்டது. சில மாதங்களில் அது விலக்கப்பட்டது. குண்டுக்குப் பயந்து லேப்டாப்பைச் சரக்கறைக்கு அனுப்பினால் அங்கே தீக்குப் பயப்பட வேண்டும். இரண்டு பயங்களுக்கும் நடுவில்தான் இந்த விதிகளை எழுதுகிறார்கள். மாறிக்கொண்டே இருக்கிறதே என்று எரிச்சல்படும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன்.

பவர் பேங்கைப் பொறுத்தவரை 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். அதற்கு மேல் கிடையாது. கடையில் விற்கும் 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட்-மணிதான். அந்த எண் அதன் மேல் அழியாமல் இருக்க வேண்டும், அழிந்துபோனால் அதிகாரிகள் பிடுங்கிவைத்துவிடலாம். 2025 ஜனவரியில் தென் கொரியாவின் புசானில் கிளம்பக் காத்திருந்த விமானம் எரிந்து, அதிலிருந்த 176 பேரும் தப்பினார்கள். மேலறையில் வைத்த ஒரு பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்று புலனாய்வாளர்கள் கருதினார்கள். அதன் பிறகு பல விமான நிறுவனங்கள் அதை மேலறையில் வைக்கவும், பறக்கும்போது அதில் சார்ஜ் போடவும் தடை விதித்துவிட்டன. திருச்சி, சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் தங்கள் விமான நிறுவனத்தின் விதியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

பெரியம்மாவின் லேப்டாப்பைப் பக்கத்துத் தெரு சர்வீஸ் கடையில் கொடுத்து, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வாங்கினேன். அதில் பேட்டரி கிடையாது, எந்தப் பெட்டியிலும் போகலாம். ஆனாலும் கைப்பையில்தான் வைக்க நினைத்தேன், பெரியப்பாவின் முகம் அதில் இருக்கிறதே. கிளம்பும் முன் பெரியம்மாவின் மகனிடம் போனில் பேசி, உள்ளே வேறென்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டேன். அமெரிக்க எல்லை அதிகாரிகளுக்குப் பயணியின் கருவிகளைத் திறந்து பார்க்கும் அதிகாரம் உண்டு. அடுத்தவர் கடவுச்சொல் நமக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவருடைய அந்தரங்கத்தைத் திறந்துகாட்டும் உரிமை நமக்கு ஏது? எது தேவையில்லை என்று அவனே சொன்னான். அதனால் அந்த டிஸ்க்கை விட்டுவிட்டு, போட்டோக்களை மட்டும் ஒரு புதிய டிஸ்க்கில் ஏற்றிக் கொண்டுபோனேன்.

பெரியம்மாவுக்குப் பேட்டரி விஷயம் புரிந்தது. டேப்பைக் கிழித்தது மட்டும் இன்னும் அவருக்கு வருத்தம்தான். கல்யாண வீடுகளில் பார்த்தால் பேசுகிறார், முன்புபோல் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவதில்லை. எனக்கும் அது வலிக்கிறது. இருந்தாலும், பிரிக்காமல் வாங்கிக்கொண்டுபோய் இன்னொரு கேட்டில் நின்று, இன்னொரு சொந்தக்காரரை மனத்துக்குள் குற்றவாளியாக்கிப் பார்க்க எனக்குச் சம்மதமில்லை.

கொடுத்தனுப்புகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டேப் ஒட்டாதீர்கள். முதல் நாள் சாயந்திரம் வராமல் ஒரு வாரம் முன்னால் கொண்டுவாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, சார்ஜரோடு, போகிறவர் முன்னால் இயக்கிக் காட்டிக் கொடுங்கள். இயங்காத கருவியையும் பேட்டரி உப்பிய கருவியையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். உங்கள் சாமானுக்கு அந்தக் கேட்டில் பதில் சொல்லப் போவது அவர்தான்.