களாப்பழம் தேடி இரும்புலியூருக்கு

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்வந்த கதைகளை நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். நாம் இன்று புறப்படும் பிரயாணத்துக்குக் கம்பளிச் சட்டை வேண்டாம்; ஓட்டல் அறை வேண்டாம். ஒரு சின்ன மூங்கில் கூடையும், முள் குத்தினால் பொறுத்துக்கொள்ளும் மனசும் இருந்தால் போதும்.

சென்னைக் கடற்கரை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்க வேண்டியது. 1931-ம் ஆண்டு மே மாதத்திலிருந்து சென்னைவாசிகளுக்குப் பழக்கமான பாதைதான். அங்கிருந்து பெருங்களத்தூரை நோக்கிக் கொஞ்ச தூரம் போனால் இரும்புலியூர். 'இரும் புலி ஊர்' என்று பிரித்துப் பார்த்தால் பெரிய புலி ஒன்று உறுமுவதுபோல் இருக்கிறது அல்லவா? இப்போது அங்கே உறுமுகிறவை லாரிகள்தாம்! மதுரவாயலிலிருந்து வரும் பைபாஸ் ரோடு பெரிய சாலையோடு கலக்கும் இடம் அது.

செங்கல்பட்டுச் சீமையின் இந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் பாறையும் முட்புதருமாகக் கிடந்தது. சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி 1937-ல் பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது அதற்குக் கிடைத்த 365 ஏக்கரும் இப்படிப்பட்ட புதர்க்காடுதான். பழைய காடு எப்படி இருந்தது என்பதற்கு அந்த வளாகமும், வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளும் இன்றைக்கும் சாட்சி சொல்கின்றன.

முட்புதர் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள்! அது ஏழைகளின் பழக்கடை. தை, மாசியில் இலந்தை. கோடையில் குத்து ஈச்சம்பழம். வளைந்த முள்ளால் புடவைத் தலைப்பை இழுத்து நிறுத்தி, "கொஞ்சம் இருந்துவிட்டுப் போயேன்" என்று உபசாரம் செய்கிற சூரைச்செடி. மஞ்சள் பழம் தரும் காரை. இத்தனைக்கும் ராணி, களா. மல்லிகை போன்ற வெள்ளைப் பூ. கோடையில் பச்சைக் காய். ஆடி பிறப்பதற்குள் சிவந்து, பிறகு கருத்துப் பளபளக்கும் பழம். சங்க காலத்துப் புலவர்களின் கண்ணிலும் அந்தக் கறுப்புப் பட்டிருக்கிறது. யாழின் கரிய தண்டுக்குக் களாப்பழத்தை உவமை சொல்கிறது புறநானூறு.

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஆயா, இந்தக் களாக்காய் எங்கேயிருந்து வருது?"

"முன்னேயெல்லாம் இரும்புலியூர் ஏரிக்கரையாண்டையே பறிப்போம் கண்ணு. இப்போ எங்கே பார்த்தாலும் மச்சு வீடு. கருக்கல்லே எழுந்து செங்கல்பட்டு தாண்டிப் போவணும். ரயில் சார்ஜ் போக மிஞ்சினதுதான் எனக்கு."

"ஆழாக்கு என்ன விலை?"

"இருபது ரூவா. பேரம் பேசாதே தாயி. முள்ளு எங்கிட்டே பேரம் பேசிச்சா?"

கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டு முதல் முழங்கை வரை கீறல்கள். பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

இங்கிலாந்திலும் வேலியோரப் பழம் பறிப்பது குடும்பத்தோடு செய்கிற பொழுதுபோக்கு. 'பிளாக்தார்ன்' என்ற முட்செடியின் கருநீலக் காயைச் சர்க்கரையோடு 'ஜின்' மதுவில் மாதக்கணக்கில் ஊறப்போட்டுக் குளிர்காலத்தில் பருகுவார்கள். நம் சென்னை மாகாணத்திலோ 1948-ல் முழு மதுவிலக்கே வந்துவிட்டது. 1971 வரை நீடித்தது. நம் வீட்டு ஜாடிகளுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. சாராயம் செய்கிற வேலையை உப்பும் சர்க்கரையும் வெயிலும் செய்துவிடுகின்றன. மூன்றுமே பழத்தின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், கெடுக்கும் கிருமிகள் தலையெடுக்க முடிவதில்லை.

களா ஜெல்லிக்குப் பாதி பழுத்த, சிவந்த காயே உகந்தது. ஜெல்லியை உறையவைக்கும் 'பெக்டின்' என்ற சத்து அப்போதுதான் நிறைய இருக்கும். காம்பில் வடியும் பால் பிசுபிசுக்கும். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். ஒரு கிலோ காயை நன்றாகக் கழுவி, எவர்சில்வர் பாத்திரத்தில் மூழ்கத் தண்ணீர் விட்டு வேகவைத்து மசியுங்கள். மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு, பிழியாமல், தானாக வடியும் சாற்றை எடுங்கள். ஒரு கப் சாற்றுக்கு முக்கால் கப் சர்க்கரை. கொதிக்கும்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டால், ஓடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். மாணிக்க நிறத்தில் உறையும் அந்த ஜெல்லியை ஒரு தடவை ருசித்த குழந்தைகள் கடை ஜாமைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்!

இலந்தை வடை இன்னும் சுலபம். நன்றாகப் பழுத்த பழத்தோடு காய்ந்த மிளகாய், உப்பு, வெல்லம், பெருங்காயம் சேர்த்து இடித்து, வில்லைகளாகத் தட்டி வெயிலில் காயவைத்தால் முடிந்தது.

ஓர் எச்சரிக்கை. தெரியாத செடியின் பழத்தை வாயில் வைக்காதீர்கள். சிவப்பும் கறுப்புமாக மின்னும் குன்றிமணி கடும் விஷம். காப்புக்காட்டுக்குள் நுழைந்து பறிப்பதும் கூடாது. அங்குள்ள பழங்கள் மைனாவுக்கும் கொண்டைக்குருவிக்கும் சொந்தம். விதைகளைச் சுமந்துபோய்ப் புதுச் செடி முளைக்கச் செய்கிறவை அவைதாமே!

"அப்படியானால் களாவுக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். தோட்டத்து மூலையில் நாலு முழம் இடம் இருக்கிறதா? தின்ற பழத்தின் விதையைக் காயவிடாமல் உடனே தொட்டியில் போடுங்கள். முளைத்ததும் வேலியோரம் நடுங்கள். தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு மாடு அண்டாது, திருடனும் யோசிப்பான். சில வருஷங்களில் காய்க்கத் தொடங்கிவிடும்.

அதுவரையில், ஸ்டேஷன் வாசலில் கூடையைக் கண்டால் ஓர் ஆழாக்கு வாங்குங்கள். கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள்.