நாவற்குழி முதல் மன்னார் வரை

மேனாட்டாருக்கு இலையுதிர்காலம் என்று ஒரு பருவம் உண்டு. மரங்கள் பொன்னிறமும் செந்நிறமுமாகி இலை உதிர்க்கும் அக்காலத்திலே, பனி வந்து வழிகளை மூடுமுன் ஒருமுறை ஊர் சுற்றி வந்துவிட வேண்டுமென்று மோட்டார் சைக்கிளிலும் துவிச்சக்கர வண்டியிலும் புறப்படுவோர் அங்கே பலர். நம் நாட்டில் அத்தகைய பருவம் இல்லை. நம் முன்னோர் ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். ஐப்பசி பிறந்ததும் நம் வடபுலத்திலே காலை வெயில் தணிந்து வரும். பிற்பகலில் இடி முழங்கும். வடகீழ்ப் பருவமழை அடைமழையாகப் பிடித்துக்கொள்ளுமுன் சில நல்ல நாள்கள் கிடைக்கும். சென்ற ஐப்பசியில் அத்தகைய நாளொன்றிலே, பதினான்கு வயதினனான எம் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் புறப்பட்டோம்.

நகரை விட்டு நீங்கிச் செம்மணி வெளியைக் கடந்தால் நாவற்குழிப் பாலம் வருகிறது. இருபுறமும் கடல்நீர் ஏரி; கொக்குகள் ஒற்றைக் காலில் நிற்கின்றன. பாலத்தின் அண்மையிலே வண்டியை நிறுத்தினோம். மகன் கையடக்கத் தொலைபேசியில் வழிப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏன் அப்பா நிண்டனீங்கள்? இஞ்சை ஒண்டும் இல்லையே” என்றான்.

அவன் கூறியது பிழையன்று. அப்படத்தில் அவ்விடத்திலே ஒரு பாலமும் ஒரு வீதியுமே உள்ளன. ஆனால், 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து இவ்வழியே நடந்தார்கள். அன்று எமக்கு வயது பதினான்கு. மழை தூறிக்கொண்டிருந்தது. எம் தந்தையாரின் பழைய றலிச் சைக்கிளின் கரியரிலே அப்பாச்சி இருந்தார். முன்பாரில் ஓர் அரிசிப் பை. கைபிடியில் ஒரு மண்ணெண்ணெய்ப் போத்தல். தந்தையார் தள்ள, நாம் பின்னால் நின்று அப்பாச்சியைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். சாவகச்சேரிக்கு ஏறக்குறையப் பத்து மைல். அப்பத்து மைலைக் கடக்க ஓர் இரவு முழுவதும் போதவில்லை. இதனை மகனுக்குச் சொன்னோம். பொறுமையுடன் கேட்டான். பின்னர், “இப்ப இருபது நிமிசத்திலை போயிடலாம், என்னப்பா?” என்றான். ஆம் என்று சொல்லி வண்டியை முடுக்கினோம்.

நாவற்குழிச் சந்தியில் மன்னார் வீதி பிரிகிறது. தனங்கிளப்பைக் கடந்து கேரதீவை அடைந்ததும் சங்குப்பிட்டிப் பாலம் எதிர்ப்படுகிறது. 288 மீற்றர் நீளமுள்ள அப்பாலம் 2011ஆம் ஆண்டு சனவரியிலே திறக்கப்பட்டது. அதற்கு முன் ஒரு காலத்தில் இத்துறையிலே ‘பாதை’ என்று நம்மவர் வழங்கும் மிதவையில் ஏறிக் கடந்தார்கள். பாதைக்குக் காத்திருந்தோர் ஒருவரோடொருவர் ஊர்ப் புதினம் பேசினார்கள். இன்று பாலத்தைக் கடக்க ஒரு நிமிடமும் வேண்டியதில்லை. நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அந்த ஒரு நிமிடம் எத்துணைப் பெரிது என்பதை எண்ணும்போது, பழைய பாதையை நினைத்து ஏங்குவது பொருளற்றது என்றே தோன்றுகிறது.

பூநகரிக் கோட்டையைப் பார்த்தபின் தெற்கு நோக்கிச் சென்றோம். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் விரிவாக்கிய அக்கோட்டை இன்று சிதைந்து கிடக்கிறது. அப்பால் வயல்வெளிகள். காலபோகத்துக்காக விதைத்த நெல் சில இடங்களில் முளைவிட்டிருந்தது. சில இடங்களில் புழுதி மழைக்குக் காத்திருந்தது. முழங்காவிலுக்கு இரண்டு மைல் இருக்கும்போது பின் சக்கரம் தளர்ந்து ஆடத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால், ரயரிலே துருப்பிடித்த ஆணி ஒன்று. மகன் தொலைபேசியை எடுத்துப் பழுது பார்க்கும் கடையைத் தேடினான். அலைத்தொடர்பு கிடைக்கவில்லை.

வேப்பமர நிழலிலே அமர்ந்தோம். அப்போது ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. இன்று நாம் காணும் துவிச்சக்கர வண்டியின் வடிவம், இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி என்பவர் 1885இல் அமைத்த ‘றோவர்’ வண்டியிலிருந்து வந்தது. அதே 1885ஆம் ஆண்டிலேதான் ஜேர்மனியில் டைம்லரும் மைபாக்கும் மரச்சட்டத்தில் எஞ்சினைப் பூட்டி, பெற்றோலில் ஓடும் இருசக்கர வண்டியைச் செய்தனர். ஓராண்டில் பிறந்த உடன்பிறப்புகளைப் போன்றவை இவ்விரண்டும். சில ஆண்டுகளுள் டன்லொப் என்னும் விலங்கு மருத்துவர் தம் மகனின் முச்சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரயரைச் செய்தார். இரு வண்டிகளும் அதனை ஏற்றுக்கொண்டன. ஆகவே ஆணிக்கு அஞ்சுவதில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை.

வேற்றுமை வேறோரிடத்தில் உள்ளது. 1990 முதல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, மோட்டார் சைக்கிள்களுக்குச் சில துளி பெற்றோல் காட்டிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அதுவும் இல்லாதார்க்குச் சைக்கிளே கதியாயிற்று. விறகும் நெல்லும் நோயாளரும் அதிலேயே சென்றனர். மின்சாரமும் மின்கலமும் இல்லாத இரவுகளில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கையால் மிதியைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். செய்தி முடிவதற்குள் கை சோர்ந்துவிடும். அடுத்த வீட்டுப் பையன் வந்து சுழற்றுவான். 2022இல் நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் என்று பங்கீடு செய்தபோதும், ஆசிரியர் பலர் மறுபடியும் சைக்கிளிலே பள்ளிக்கு வந்தனர். எஞ்சினுக்குத் தொலைதூரத்துக் கப்பல் வந்தாக வேண்டும். சைக்கிளுக்கு மனிதனின் காலும் அயலவரின் துணையும் போதும்.

இவ்வாறு எண்ணிக்கொண்டிருக்கையில், தோளிலே மண்வெட்டியுடன் முதியவர் ஒருவர் சைக்கிளில் வந்தார். எம்மைக் கண்டு இறங்கினார்.

“என்ன தம்பி, காத்துப் போட்டுதோ?”

“ஓம் ஐயா. கிட்டடியிலை கடை இருக்கோ?”

“முழங்காவில் சந்தியிலை ஒரு பெடியன் இருக்கிறான். உதை உருட்டிக்கொண்டு போனால் ரயரும் பழுதாப் போம். மகனை என்னோடை விடும். ஆளைக் கூட்டிக்கொண்டு வாறம்.”

ஒரு கணம் தயங்கினோம். மகனோ அதற்குள் கரியரில் ஏறிவிட்டான். நகரத்துப் பிள்ளை, தாயோ தந்தையோ மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்க வளர்ந்தவன், சைக்கிளின் கரியரில் அவன் இருந்ததை நாம் அதற்கு முன் கண்டதில்லை. முதியவர் மண்வெட்டியை எம்மிடம் ஒப்படைத்துவிட்டு மிதித்தார். வளைவிலே இருவரும் மறைந்தனர்.

முக்கால் மணி நேரத்தின் பின் திரும்பினார்கள். பழுது பார்க்கும் இளைஞன் ஆயுதப் பையுடன் இன்னொரு சைக்கிளில் வந்தான். ரியூப்பை வெளியே இழுத்து ஒட்டுப்போட்டான். அவனுக்குரிய கூலியைக் கொடுத்தோம். முதியவரிடம் பணம் நீட்டியபோது, “அதை வையுங்கோ. மழைக்கு முன்னம் போய்ச் சேருங்கோ” என்று மண்வெட்டியை வாங்கிக்கொண்டு வயலுக்கு இறங்கிவிட்டார். பெயரைக் கேட்கவும் மறந்தோம்.

மகன் கால்களை உதறிக்கொண்டு நின்றான். அவை விறைத்துப் போயிருந்தன. சற்று நேரம் பேசாதிருந்தவன், “அப்பா, உங்கட அப்பாச்சி அந்தப் பத்து மைலும் உதிலை எப்பிடி இருந்தவா?” என்று கேட்டான்.

நாவற்குழியில் நாம் சொன்ன சொற்களெல்லாம் அப்போதுதான் அவனை வந்தடைந்தன என்று உணர்ந்தோம். வேப்பமர நிழலிலேயே நின்று, காலையில் சொல்லாது விட்டவற்றையும் சொன்னோம். அப்பாச்சி இடையிடையே இறங்கி நடக்க முயன்றதையும், விடியற்காலையில் அந்த அரிசியில் கஞ்சி காய்ச்சி முன்பின் அறியாத இரு குடும்பங்களுக்கும் கொடுத்ததையும், மீண்டும் தம் வீட்டைக் காணாமலே அவர் கண்மூடியதையும் சொன்னோம். இம்முறை அவன் பல கேள்விகள் கேட்டான்.

மாலையில் திருக்கேதீச்சரத்தை அடைந்து பாலாவியில் கால் நனைத்தோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது. பின்னர் பாலத்தைக் கடந்து மன்னார்த் தீவினுள் நுழைந்தோம். வடக்கே பனி தொடங்குமுன் புறப்பட்ட வலசைப் பறவைகள் இப்பருவத்தில்தான் இங்கே வந்திறங்குகின்றன. அண்மையிலுள்ள வங்காலைப் பறவைச் சரணாலயம் 2010இல் ராம்சர் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. தீவின் தென்கரையிலே 2020இல் திறக்கப்பட்ட 30 காற்றாலைகள் சுழல்கின்றன. காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது நல்லதே. ஆயினும் அவை பறவைகளின் வழியிலே நிற்கின்றன என்று அறிஞர் கவலைப்பட்டனர். மேலும் காற்றாலைகள் அமைப்பதை எதிர்த்து 2025இல் தீவு மக்களும் போராடினார்கள். புதிய பொறி ஒன்று வரும்போது அதன் வேகத்தையும் வலுவையும் மட்டும் அளந்தால் போதாது. அதன் வழியிலே முன்னரே இருப்பவர் யாவர் என்பதையும் கேட்க வேண்டும் போலும்.

மறுநாள் மழைக்கு முன் வீடு திரும்பினோம். தந்தையாரின் றலிச் சைக்கிள் இன்றும் எம் கொட்டிலிலே நிற்கிறது. அடுத்த சனிக்கிழமை காலை அங்கே ஓசை கேட்டுப் போய்ப் பார்த்தோம். மகன் தூசியைத் துடைத்துவிட்டு, காற்றுப் பம்பைத் தேடிக்கொண்டிருந்தான். நாவற்குழி வரையில் போய்வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டான். நாமும் வருகிறோம் என்றோம்.