ஓய்வில் நின்ற கணிப்பொறி

இல்லத்திலுள்ள பழைய பொருளொன்றில் ஓர் உறுப்பை மட்டும் மாற்றிப் புதிதாகப் பொருத்திய பின்னர் அப்பொருள் ஒழுங்காக இயங்க மறுத்தால், நம் ஐயம் உடனே அப்புதிய உறுப்பின்மீதே செல்கிறது. "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது!" என்பதே எல்லார் வாயிலும் வரும் முதற் சொல். அச்சொல்லில் உண்மை உண்டு; ஆயினும் முழு உண்மை இல்லை. எங்கள் இல்லத்துக் கணிப்பொறி ஏறத்தாழ இரண்டு மாதகாலம் எங்களுக்குக் கற்பித்த பாடம் இதுவே. பிற குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தோடு அதனை இங்கு எழுதுகிறோம்.

அது 2017ஆம் ஆண்டில் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி இணைத்த கணிப்பொறி. எங்கள் மூத்த மருமகள் அதில்தான் திருமண அழைப்பிதழ்களையும் பள்ளி ஆண்டு மலர்களையும் பக்கம் அமைத்து அச்சகங்களுக்குக் கொடுத்து வருகிறாள். குடும்பச் செலவின் ஒரு பகுதியை அவ்வருவாயே தாங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, படங்கள் நிறைந்த ஒரு பக்கத்தைத் திறப்பதற்கே அக்கணிப்பொறி திணறலாயிற்று. அண்ணியின் சிரமத்தைக் கண்ட எங்கள் இளைய மகன், தன் முதற் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொண்டு புதிய பிராசசர் ஒன்றை வாங்கி வந்தான். பிராசசர் என்பது கணிப்பொறியின் மூளை. பழையதற்கு இரண்டு உட்கருக்கள், புதியதற்கு ஆறு. இரண்டையும் ஏற்கும் வகையைச் சேர்ந்தது எங்கள் மதர்போர்டு. அதிலுள்ள பயாஸ் நிரலை முதலில் புதுப்பித்து, பழைய பிராசசரைக் கழற்றி, புதியதை வைத்து, அதன்மேல் தெர்மல் பேஸ்ட் தடவி, விசிறியைப் பொருத்தினான். பக்கங்கள் நொடியில் திறந்தன. வீடே மகிழ்ந்தது.

மூன்றாம் நாள் அம்மகிழ்ச்சி குன்றியது. எவ்வித முன்னறிவிப்புமின்றிக் கணிப்பொறி அணைந்து, தானே மீண்டும் தொடங்கிற்று. திரையில் பிழைச்செய்தி எதுவும் இல்லை. ஒருநாள் இருமுறை நிற்கும். பின்னர் இரண்டு நாள் நிற்காது. ஒருமுறை ஆண்டு மலரின் நான்கு பக்கங்கள் சேமிக்கப்படுமுன்னரே மறைந்தன. அச்சகத்துக்குச் சொன்ன நாளும் தவறிற்று. பழுதுபார்க்கும் கடையில் காட்டியபோது, மதர்போர்டையும் பிராசசரையும் சேர்த்து மாற்றிவிடும்படி சொன்னார்கள். வீட்டுக்கு வந்த உறவினர் சிலர், "தெரியாமல் கைவைத்ததன் விளைவு" என்று அவன் காதுபடவே கூறினர். அவன் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும் உணவு வேளைகளில் அவன் பேச்சு குறைந்து வந்ததைக் கவனித்தோம். அன்பினால் செய்த செயல் குற்றமாக எண்ணப்படுவது இளம் உள்ளத்துக்கு எத்துணைப் பெரிய சுமை! பணச்செலவைவிட இதுவே எங்களை வருத்திற்று. எனவே, எதையும் வாங்குமுன் உண்மையை அறிந்தே தீர்வது என்று முடிவு செய்தோம்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கணிப்பொறியின் அருகில் வைத்தோம். எந்த நாள், எத்தனை மணிக்கு நின்றது, அப்போது என்ன வேலை நடந்தது என்று யார் கண்டாலும் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. கணிப்பொறியும் தனக்கென ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. விண்டோஸில் அதற்கு இவென்ட் வியூவர் என்று பெயர். ஒவ்வொரு முறையும் அதில் 'கெர்னல்-பவர் 41' என்னும் பதிவே காணப்பட்டது. முறையாக மூடப்படாமல் கணிப்பொறி அணைந்தது என்பதே அதன் பொருள். ஏன் அணைந்தது என்பதை அது சொல்வதில்லை.

பின்னர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதிப்பது என்னும் ஒழுங்கை மேற்கொண்டோம். இரண்டை ஒருங்கே மாற்றினால், குணமானாலும் எதனால் குணமாயிற்று என்று அறிய இயலாதன்றோ! வெப்பத்தை அளந்தோம், முழு உழைப்பிலும் 75 பாகை செல்சியசைத் தாண்டவில்லை. மெம்டெஸ்ட்86 என்னும் நிரலால் நினைவகத்தை இரவு முழுவதும் சோதித்தோம். ஒரு பிழையும் இல்லை. மிகப்பெரிய பகா எண்களைத் தேடுவதற்கென எழுதப்பட்ட பிரைம்95 என்னும் நிரல், பிராசசரைக் கசக்கிப் பிழிய வல்லது. அதனை மறுநாள் இரவு ஓடவிட்டோம். விடியும்வரை கணிப்பொறி தளரவில்லை. காலையில் அந்நிரலை நிறுத்திவிட்டுக் காப்பி அருந்தச் சென்றோம். முக்கால் மணி நேரத்துக்குள் அது அணைந்து மீண்டும் தொடங்கியிருந்தது!

அப்போதுதான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து படித்தோம். பதினொரு பதிவுகளில் ஒன்பது, மதிய உணவு நேரத்திலோ, மருமகள் அடுக்களைக்குச் சென்ற வேளையிலோ நிகழ்ந்தவை. எஞ்சிய இரண்டும் ஒரு கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது நேர்ந்தவை. கடும் உழைப்பின்போது ஒருமுறைகூட நிற்கவில்லை. ஒழுங்கின்றி நிகழ்வதாக நாங்கள் எண்ணியதில் ஓர் ஒழுங்கு இருந்தது: கணிப்பொறி ஓய்வில்தான் நின்றது.

அடுத்துப் பழைய பிராசசரையே திரும்பப் பொருத்திப் பார்த்தோம். ஒரு வாரம் எக்குறையுமில்லை. "அப்படியானால் புதியதே பழுது" என்று தோன்றும். ஆனால் அப்புதிய பிராசசரை எங்கள் மைத்துனர் வீட்டிலுள்ள, அதே வகைக் கணிப்பொறியில் பத்து நாள் வைத்தபோது அங்கும் எக்குறையுமில்லை. ஆகவே பழுது பிராசசரில் இல்லை. எங்கள் கணிப்பொறியில் அதனோடு ஒத்துப்போகாத வேறொன்று இருந்தது.

எஞ்சியது பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கணிப்பொறிக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் பெட்டி அது. எங்களுடையது 2010இல் வாங்கிய கணிப்பொறியிலிருந்து எடுத்துப் பொருத்தியது. 450 வாட் ஆற்றலுடையது. பிராசசர்கள் இரண்டுமே 65 வாட் வகையின. ஆகவே ஆற்றல் போதாமை என்னும் பேச்சுக்கே இடமில்லை. குறை மறுமுனையில் இருந்தது. இக்காலத்துப் பிராசசர்கள் வேலையில்லாதபோது உட்கருக்களை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தி, மிகமிகச் சிறிதளவு மின்னோட்டத்தையே இழுக்கின்றன. 2013இல் இன்டெல் நிறுவனத்தின் நான்காம் தலைமுறைப் பிராசசர்கள் வெளிவந்தபோது, 0.05 ஆம்பியர் அளவுக்குக் குறைந்தாலும் நிலைகுலையாத பவர் சப்ளைகள் வேண்டும் என்னும் தேவை எழுந்தது. அதற்கு முந்திய பெட்டிகள் பல, ஒரு குறைந்த அளவுச் சுமையேனும் இருந்தாலன்றி நிலையான அழுத்தம் தர இயலாதவை. எங்கள் பழைய பிராசசர் ஓய்விலும் ஓரளவு மின்சாரத்தை இழுத்துப் பெட்டியை நிலையாக வைத்திருந்தது. புதியதோ சிக்கனமானது, அச்சிக்கனத்தைப் பழைய பெட்டியால் தாங்க முடியவில்லை.

இதனை உறுதிப்படுத்த ஒரு வழி இருந்தது. புதிய பிராசசரை மீண்டும் பொருத்தி, பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்னும் அமைப்பை 'டிப்பிகல் கரன்ட் ஐடில்' என மாற்றினோம். பிராசசர் மிக ஆழ்ந்து உறங்குவதை அது தடுக்கும். பத்து நாள் ஒருமுறைகூட நிற்கவில்லை. அமைப்பைப் பழையபடி திருப்பினோம், மறுநாளே நின்றது. பின்னர்ப் புதிய பவர் சப்ளை ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். இன்றுவரை குறையில்லை. செலவு, கடையில் கூறப்பட்டதில் ஐந்தில் ஒரு பங்கே. "தம்பி, உங்கள் பிராசசர் குற்றமற்றது!" என்று மருமகள் கூறியபோது, அவன் பல நாட்களுக்குப் பின் வாய்விட்டுச் சிரித்தான்.

பிராசசர் ஒருபோதும் பழுதாகாது என்று நாம் கூறவில்லை. 1994இல் அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில், கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி தம் ஆய்வுக் கணிப்பொறிகளோடு பென்டியம் கணிப்பொறி ஒன்றைச் சேர்த்தபின், விடைகள் முரண்படுவதைக் கண்டார். அவர் உடனே பென்டியத்தைக் குறைகூறவில்லை. தம் நிரலையும் பிற உறுப்புகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கிய பின்னரே, பிராசசரின் வகுத்தல் கணக்கில் பிழை உண்டென அறிவித்தார். இன்டெல் நிறுவனம் அதன் பொருட்டு 47 கோடியே 50 இலட்சம் டாலரை ஒதுக்க நேர்ந்தது. 2024இலும் அந்நிறுவனம் தன் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிப் பிராசசர்கள் சிலவற்றின் தடுமாற்றத்துக்கு மிகை மின்னழுத்தம் காரணமென ஒப்புக்கொண்டு, உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. குற்றம் சாட்டலாம், ஆனால் ஆராய்ந்த பின்னரே சாட்ட வேண்டும்.

எனவே இத்தகைய மாற்றம் செய்ய எண்ணும் குடும்பத்தாருக்குச் சில சொற்கள். வேலைக்குமுன் கோப்புகளைப் படியெடுத்து வையுங்கள். பயாஸைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் தடைபடாதவாறு யு.பி.எஸ். துணையோடு செய்யுங்கள். கழற்றிய பழைய பிராசசரை விற்றுவிடாதீர்கள். சோதனைக்கு அதுவே சிறந்த கருவி. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நின்ற நேரத்தை மட்டுமன்று, நிற்காத நேரத்தையும் எழுதிவையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காரணம் தெரியுமுன் வீட்டில் ஒருவர்மீதும் பழி சுமத்தாதீர்கள். கெட்ட பொருளை மாற்றிக்கொள்ளலாம். அவசரத்தில் சொன்ன சொல்லையோ திரும்பப் பெறுதல் அரிது.