இரவில் நிறைந்த ஸ்கிப்

லண்டனில் வீடு திருத்துகிறவர்கள் குப்பைக்காக வாடகைக்கு எடுக்கும் இரும்புத் தொட்டியை ‘ஸ்கிப்’ என்பார்கள். செங்கல், மண், பலகை எதையும் அதில் போடலாம். போடக் கூடாதவை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். வீம்புக்குப் போட்ட தடைகள் அல்ல அவை. ஜிப்சம் பலகை அழுகும் குப்பையோடு புதைந்தால் நச்சு வாயு கிளம்பும்; அதனால் அதைத் தனியே வைக்க வேண்டும். தீத்தடுப்பு இரசாயனம் ஊறிய சோபாக்களைப் புதைகுழிக்கு அனுப்ப முடியாதபடி 2023 முதல் கெடுபிடி வந்துவிட்டது. அஸ்பெஸ்டாஸ் தகடு ஒன்று உடைந்து கலந்தாலே போதும், சுமை முழுவதையும் அபாயக் கழிவாகக் கையாள வேண்டிவரும். அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதுதான் நான் வாதாடிய வழக்கு.

என் கட்சிக்காரர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். சிறிய கடை வைத்திருந்தார். வீட்டு முற்றம் ஒடுக்கம் என்பதால் நகரசபை அனுமதியோடு ஸ்கிப்பைத் தெருவில் வைத்தார்கள். தெருவில் நிற்கும் ஸ்கிப்புக்கு இரவில் விளக்கு வேண்டும் என்கிறது 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம். வண்டிகள் மோதாமலிருக்கத்தான் அந்த விளக்கு. ஆனால் அக்கம்பக்கத்தாருக்கும் அது நன்றாக வழிகாட்டியது. சில நாள்களில் உள்ளே ஒரு பழைய ஃபிரிட்ஜ் கிடந்தது. ஸ்கிப்பை எடுத்துப் போன நிறுவனம், அடியில் அஸ்பெஸ்டாஸும் இருந்ததாகச் சொல்லி, இரண்டுக்கும் சேர்த்துப் பெருந்தொகை கேட்டு வழக்குப் போட்டது.

“களவா வந்து போட்டவனை விட்டுட்டு நான் ஏன் தம்பி காசு கட்டோணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்கிப் வந்து இறங்கியதிலிருந்து திரும்ப எடுக்கும்வரை உள்ளே இருப்பதற்கெல்லாம் வாடகைக்காரரே பொறுப்பு என்ற வாசகத்தின் கீழ் அவருடைய கையெழுத்து இருந்தது. நுகர்வோரை ஒருபக்கமாக அழுத்தும் நிபந்தனை செல்லாது என்று 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் காட்டி வாதிட்டேன். நீதிபதி ஏற்கவில்லை. தெருவில் நிற்கும் தொட்டிக்கு நிறுவனம் காவல் இருக்க முடியாது, வாடகைக்காரரோ மூடி போட்டுப் பூட்டும் ஸ்கிப்பைக் கேட்டிருக்கலாம் என்றார். தர்க்கத்தில் பிழையில்லை, பூட்டுகிற ஸ்கிப் என்று ஒன்று இருப்பதே பெரியவருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அஸ்பெஸ்டாஸ் விஷயத்தில் கதை மாறியது. நிறுவனம் காட்டிய புகைப்படம் அவர் வாசலில் எடுத்ததல்ல. சுமையைத் தங்கள் களஞ்சியத்தில் கொட்டிய பிறகு எடுத்தது. பக்கத்தில் வேறு சுமைகள் குவிந்திருந்தனவா என்று சாரதியைக் கேட்டேன். இருந்தன என்று ஒளிக்காமல் சொன்னார். அப்படியானால் அந்தத் தகடு இந்த ஸ்கிப்பிலிருந்துதான் வந்தது என்பதை நிறுவும் பொறுப்பு நிறுவனத்துடையது. அதை அவர்களால் நிறுவ முடியவில்லை. பெருந்தொகை தள்ளுபடி, ஃபிரிட்ஜுக்கு மட்டும் பணம் என்று தீர்ப்பு வந்தது.

சிறு வழக்குகளில் வென்றவரும் தன் வக்கீல் கட்டணத்தைப் பொதுவாக எதிர்த் தரப்பிடம் வாங்க முடியாது. எளியவர்கள் வக்கீல் இல்லாமலே வாதாடட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு அது. எதிரே நிறுவனம் வக்கீலோடு வந்து நிற்கும்போது எந்த எளியவர் தனியே போவார்?

ஃபிரிட்ஜ் யாருடையது என்று பெரியவருக்குத் தெரியும். அந்த ஆள்மேல் வழக்குப் போடலாமா என்றேன். “அவன்ர மனிசி எங்கட கடைக்கு வாற ஆள், விடுங்கோ” என்றார். பிறகு என் கட்டணச் சீட்டைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, இதுவும் ஃபிரிட்ஜோடு வந்ததா என்று மட்டும் கேட்டார்.