மைக் அணைந்த இடம்

1984-ஆம் ஆண்டு. சித்தூரில் எங்கள் தெருக் கோயிலில் ராமநவமிக் கச்சேரி. தென்னங்கீற்றுப் பந்தலில் ஒரு மூத்த வித்வான் தோடி ராகக் கீர்த்தனை ஒன்றில் நிரவல் பாடிக்கொண்டிருந்தார். மேல் ஷட்ஜத்தை எட்டப் போகிறார் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்த நேரத்தில் கரண்டு போய்விட்டது. மைக் அணைந்தது. அவர் பாட்டை நிறுத்தினார். மிருதங்கம் மட்டும் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆதி தாளத்தில் முழுதாக ஓர் ஆவர்த்தனம், எட்டு அட்சரம், அந்த இருட்டில் அவர் மௌனமாக இருந்தார். பிறகு மைக் இல்லாமலேயே, விட்ட இடத்துக்கு ஒரு ஸ்வரம் மேலே எடுத்து, வெறும் தொண்டையில் தொடர்ந்தார்.

மேடை ஓரத்தில் என் டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது பேட்டரியில் ஓடியதால் அந்த மௌனமும் டேப்பில் பதிந்தது. பந்தல் கீற்றின் சலசலப்பும், யாரோ தீப்பெட்டி உரசும் சத்தமும், ஒரு குழந்தையின் சிணுங்கலும், அதற்கப்புறம் தூரத்திலிருந்து வருவது போல அந்தக் குரலும் அதில் இருந்தன.

அந்தக் கேசட்டால் எங்கள் வீட்டுத் திண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் நிறைந்தது. ஐந்தாறு பேர் வருவார்கள். பள்ளி ஆசிரியர் ஒருவர், மாங்காய் மண்டி வைத்திருந்தவர் ஒருவர், திருப்பதியிலிருந்து பஸ் ஏறி வரும் நண்பர் ஒருவர். என்னைவிட மூத்தவர் என்பதால் திருப்பதி நண்பரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அதே வித்வான் அதே கீர்த்தனையைப் பாடிய இசைத்தட்டும் எங்களிடம் இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்போம். சண்டை தொடங்கிவிடும்.

ஆசிரியர் இசைத்தட்டின் கட்சி. "அரிதாக் கிடைச்சுதுங்கறதாலேயே ஒரு பாட்டு ஒசந்ததாயிடுமா? அன்னிக்கு அவர் குரல் களைச்சுப் போயிருந்தது. சுருதி ரெண்டு இடத்துல இறங்குது. அந்த மௌனத்தை வெட்டிட்டா கேக்கலாம்" என்பார். மண்டிக்காரருக்கு மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் டேப்பில் முழுதாக இருப்பதே போதும். இசைத்தட்டில் அதற்கு ஏது இடம் என்பார். திருப்பதி அண்ணா எல்லோரும் பேசி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, "அந்த எட்டு அட்சரந்தான்யா கச்சேரி. கையில இருந்த எல்லாம் போனப்பறம் ஒரு மனுஷன் என்ன செய்யறான்னு அதுலதான் தெரியுது" என்பார்.

இன்று நினைத்துப் பார்த்தால் மூன்று பேர் சொன்னதும் சரி. ஆசிரியர் பாட்டைத் தேடினார், மண்டிக்காரர் கச்சேரியைத் தேடினார், அண்ணா மனுஷனைத் தேடினார். ஒரே டேப்பில் அவரவர் தேடியது அவரவருக்குக் கிடைத்தது. நான் தேடியது வேறு. இது என்னிடம் மட்டும் இருக்கிறது என்ற பெருமைதான் எனக்கு வேண்டியிருந்தது.

அண்ணா மூன்று முறை பிரதி கேட்டார். முதல் முறை டேப் ரிக்கார்டர் ரிப்பேர் என்றேன். அடுத்த முறை வெற்றுக் கேசட் கையில் இல்லை என்றேன். அவர் புது சி-90 கேசட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தபோது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்தால் மூலம் தேய்ந்துபோகும் என்று மழுப்பினேன். அவர் சிரித்துக்கொண்டே அந்தக் கேசட்டில் தன்னிடமிருந்த வேறொரு கச்சேரியை எடுத்து அடுத்த வாரம் எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஊரின் பழைய கதை தெரிந்திருந்தால் உறைத்திருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெயரோடு அறியப்பட்ட பாடகர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, புங்கனூரில் பிறந்தவர். 1954-இல் சங்கீத கலாநிதி ஆனவர். அவருடைய குரு காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை, லயத்தில் சிங்கம் என்று பேரெடுத்தவர். மேடை நிறையப் பக்கவாத்தியங்களை வைத்துக்கொண்டு பாடிய அவர் இசைத்தட்டுக்குப் பாட மறுத்துவிட்டார். 1934-இல் அவர் மறைந்தபோது அவர் குரல் ஒரு விநாடிகூட எங்கும் பதிவாகியிருக்கவில்லை. ஆனாலும் அவர் பாணி அழிந்துபோகவில்லை. சித்தூர் பிள்ளையின் தொண்டையில் இருந்தது. அவரிடம் பல ஆண்டுகள் குருகுலமாக இருந்த மதுரை சோமுவின் பாட்டுக்கும் போனது. பதிவே இல்லாத ஒருவரின் பாட்டு மூன்று தலைமுறைக்குக் கேட்டது என்றால், கேட்டவர்கள் அதை மடியில் கட்டிக்கொண்டு போகாமல் அடுத்தவருக்குக் கொடுத்ததுதான் காரணம்.

இதற்கு நேர் எதிரான கதை திருமலையில் இருக்கிறது. தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர். முப்பத்திரண்டாயிரம் சங்கீர்த்தனங்கள் பாடியதாகச் சொல்வார்கள். அவற்றைச் செப்பேடுகளில் வெட்டி, கோயிலுக்குள்ளேயே சங்கீர்த்தன பண்டாரம் என்ற சிறு அறையில் வைத்தார்கள். அதைவிடப் பத்திரமான பெட்டகம் உலகத்தில் உண்டா? ஆனால் அந்தப் பாட்டுகள் மக்கள் வாயிலிருந்து நழுவிப்போயின. 1922-இல் செப்பேடுகள் வெளிச்சத்துக்கு வந்தபோது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளின் சொல் அப்படியே இருந்தது. ராகத்தின் பெயரும் தலைப்பில் வெட்டியிருந்தது. மெட்டு மட்டும் இல்லை. வாய் வழியாக மட்டுமே போகக்கூடியது மெட்டு; செம்பு அதைக் காக்கவில்லை.

பிறகு ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றவர்கள் உட்கார்ந்து புது மெட்டு கட்டினார்கள். திருப்பதி தேவஸ்தானத்தின் அன்னமாச்சாரியா ப்ராஜெக்ட் 1978-இல் தொடங்கியது. அதில் சேர்ந்த கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத், 2025 மார்ச்சில் திருப்பதியிலேயே கண்மூடும் வரை நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு மெட்டமைத்துப் பாடிக்கொண்டே இருந்தார். இன்று நாம் கேட்கும் அன்னமய்யா பாட்டு, இவர்களெல்லாம் தங்கள் ஆயுளைக் கொடுத்து மீட்டது. தியாகராஜருக்கு இந்தக் கதி வரவில்லை. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வாலாஜாபேட்டையின் வேங்கடரமண பாகவதரும், உமையாள்புரத்துச் சீடர்களும், தில்லைஸ்தானத்துச் சீடர்களும் மெட்டோடு கற்றார்கள், கற்பித்தார்கள். ஒரு கிளை மறந்ததை இன்னொரு கிளை வைத்திருந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பேரனுக்கு ராக் இசை என்றால் உயிர். பேர்ல் ஜாம் என்ற அமெரிக்கக் குழுவைப் பற்றி ஒருநாள் சொன்னான். ரசிகர்கள் கச்சேரியில் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து, தெளிவில்லாத பிரதிகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்களாம். அந்தக் குழு கோபப்படவில்லை. 2000-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தின் கச்சேரிகளைத் தானே நன்றாகப் பதிவு செய்து, 72 கச்சேரிகளைத் தனித்தனி ஆல்பமாகக் குறைந்த விலைக்கு வெளியிட்டுவிட்டது. "அதுக்கப்பறம் எந்த ஊர்க் கச்சேரி ஒசத்தின்னு ரசிகர்களுக்குள்ள ஒரே சண்டை தாத்தா" என்றான். எனக்கு எங்கள் திண்ணைதான் ஞாபகம் வந்தது. சண்டை போடுவதற்கும் எல்லோர் கையிலும் அது இருக்க வேண்டும் அல்லவா?

2005-இல் ஒரு மழைக்காலத்தில் பீரோவைத் திறந்து அந்தக் கேசட்டை எடுத்தேன். நாடாவின் ஓரம் முழுக்க வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தது. பல்சக்கரத்தில் பென்சிலை நுழைத்து மெதுவாகச் சுற்றினேன். நாடா சுற்றோடு சுற்றாக ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கொஞ்சம் அழுத்திச் சுற்றியதும் அறுந்தது. விரல் நுனியில் பழுப்புத் தூள் ஒட்டியது. இருபத்தோரு வருஷம் நான் காவல் காத்தது அந்தத் தூளைத்தான். அண்ணாவிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லவே இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன மார்கழியில் திருப்பதியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சங்கீதம் கற்றுக்கொள்ளும் அவர் பேத்தி, சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு அதே தோடிக் கீர்த்தனையைப் பாடினாள். நிரவலுக்கு வந்தாள். மேல் ஷட்ஜத்தை எட்டப் போகும் இடத்தில் நிறுத்தினாள். மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் கை மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எட்டு அட்சரம் முடிந்ததும், விட்ட இடத்துக்கு ஒரு ஸ்வரம் மேலே எடுத்தாள்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "அந்த இடத்துல ஏம்மா நிறுத்தினே?" என்று கேட்டேன்.

"அங்க நிறுத்தித்தான் எடுக்கணும் தாத்தா. எங்க தாத்தா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்."

நான் பிரதி தராத டேப்பை அவர் என் திண்ணையில் உட்கார்ந்தே காதால் பிரதி எடுத்திருக்கிறார். சித்தூரில் ஒரு ராத்திரி கரண்டு போனது இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த மௌனம் அவளிடம் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்களிடம் அரிதாக ஏதாவது இருந்தால், அது பாட்டோ, பாட்டி சொன்ன கைப்பக்குவமோ, ஒரு தொழில் நுணுக்கமோ, கேட்கிறவரிடம் கணக்குப் பார்க்காதீர்கள். குறையோடு இருக்கிறதே என்று வெட்டி ஒட்டவும் வேண்டாம். எது குறை, எது உயிர் என்று வாங்கிக்கொள்கிறவர் முடிவு செய்யட்டும்.

அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் ராமநவமிப் பந்தலையும் அணைந்த மைக்கையும் பற்றி எல்லாம் சொன்னேன். பிரதி தர மறுத்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தன் போனை எடுத்து எனக்கு முன்னால் வைத்து, பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, சுருதிப் பெட்டியை மறுபடியும் போட்டாள். "இது உங்களுக்கு, தாத்தா" என்று சொல்லிவிட்டுப் பல்லவியிலிருந்து பாட ஆரம்பித்தாள்.